நாலரை மணிக்கே விடிந்துவிடுகிறது, என்ன செய்வது?

கேள்வி

டாக்டருக்கு வணக்கம். டெல்லி முனிர்காவில் குடியிருக்கிறோம், ஊர் கும்பகோணம் பக்கம். என் பெண்ணுக்கு ஒன்பது மாதம் முடிந்துவிட்டது, எடை 8.2 கிலோ. ஏப்ரல் கடைசியிலிருந்து தினமும் காலை நாலரை மணிக்கு எழுந்துவிடுகிறாள். அழுகைகூட இல்லை. கட்டில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு சிரிக்கிறாள். பால் கொடுத்தாலும் தட்டிக்கொடுத்தாலும் திரும்பத் தூங்குவதில்லை. மாமியார் எங்களோடு இருக்கிறார். அவரும் நாலரைக்கு எழுகிறவர்தான். குழந்தையை வாங்கிக்கொண்டு போய் விளக்கேற்றி, வாழைப்பழம் மசித்துக் கொடுத்து, விளையாட்டுக் காட்டுவார். 'பிரம்ம முகூர்த்தத்தில் எழுகிற குழந்தை, நல்லதுதானே' என்கிறார். ஐந்தரைக்கெல்லாம் என்னைத் தேடி அழ ஆரம்பித்துவிடுகிறாள். சோபாவில் உட்கார்ந்து நெஞ்சில் போட்டுக்கொண்டு நானும் கண்ணயர்ந்துவிடுகிறேன். ஆறரைக்குத் தூங்கினால் எட்டரை வரை எழ மாட்டாள். அந்த நேரத்தில்தான் சமையலை முடித்து, டப்பா கட்டி, நொய்டா ஆபீசுக்குக் கிளம்புகிறேன். மதியம் ஒரு மணி நேரமும், சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறேகால் வரையும் தூங்குகிறாளாம். கணவர் குர்கானிலிருந்து வர ராத்திரி ஒன்பதேகால் ஆகிவிடும். அவரோடு கொஞ்சம் விளையாடிவிட்டு, ஒன்பதேமுக்காலுக்குப் பால் குடித்துக்கொண்டே தூங்குவாள். நடுவில் ஒன்றரைக்கு ஒருமுறை பால். அழவிட்டுப் பழக்கு என்கிறாள் தோழி. சளி மருந்து அரை ஸ்பூன் கொடு என்கிறார் பக்கத்து வீட்டம்மா. எனக்கு நாள் முழுக்க அரைத் தூக்கத்திலேயே போகிறது. வழி சொல்லுங்கள்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்

குழந்தையின் தூக்கத்துக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த சோபா. குழந்தையை நெஞ்சில் போட்டுக்கொண்டு சோபாவில் தூங்கிப்போவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். குழந்தை சரிந்து உங்கள் கைக்கும் சோபா மெத்தைக்கும் நடுவே முகம் புதைந்து மாட்டிக்கொள்ளலாம். அது சத்தமில்லாமல் நடந்துவிடும். பெரியவர்கள் குழந்தையோடு தூங்கிப்போகக்கூடிய இடங்களிலேயே மிக ஆபத்தானது சோபாவும் சாய்வு நாற்காலியும்தான். கண் சொக்குகிறது என்று தெரிந்த உடனே குழந்தையை அதன் கட்டிலில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். அழுதாலும் பரவாயில்லை. அல்லது வீட்டில் விழித்திருக்கும் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.

மருந்துக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். தூக்கம் வரவழைக்கும் சளி மருந்துகளில் சில, குழந்தையின் மூச்சையே மந்தமாக்கக்கூடியவை. ப்ரோமெத்தசின் என்ற மருந்தை இரண்டு வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாது. அரை ஸ்பூனும் வேண்டாம், கால் ஸ்பூனும் வேண்டாம். கடையில் கிடைக்கும் மெலட்டோனின் சொட்டு மருந்து, வசம்பு உரைத்துப் புகட்டுவது, தேன் தொட்டு வைப்பது எல்லாமே வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் போட்யூலிசம் என்ற நச்சு நோய் வரும் ஆபத்து உண்டு.

சரி, இப்போது உங்கள் பெண்ணின் கணக்குக்கு வருவோம். நேரங்களை இவ்வளவு தெளிவாக எழுதியிருப்பது எனக்குப் பெரிய உதவி. ராத்திரி ஒன்பதேமுக்காலிலிருந்து நாலரை வரை ஆறேமுக்கால் மணி நேரம். ஆறரையிலிருந்து எட்டரை வரை இரண்டு மணி நேரம். மதியம் ஒன்று, சாயங்காலம் ஒன்றேகால். கூட்டினால் 11 மணி நேரம் வருகிறது. நாலு மாதத்திலிருந்து ஒரு வயது வரையிலான குழந்தைகளுக்கு, பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 12 முதல் 16 மணி நேரம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016-ல் பரிந்துரைத்தது. நாங்களும் அதைத்தான் அளவாக வைத்துப் பார்க்கிறோம். உங்கள் பெண்ணுக்கு ஒரு மணி நேரம் போல குறைகிறது. அதைவிட முக்கியமாக, இருக்கிற தூக்கமும் தப்பான இடத்தில் இருக்கிறது.

அந்த ஆறரை மணித் தூக்கத்தைப் பாருங்கள். பார்த்தால் அது காலைத் தூக்கம் போலத் தெரியும். என் பார்வையில் அது ராத்திரித் தூக்கத்தின் கடைசித் துண்டு. நடுவில் இரண்டு மணி நேரம் விளையாட்டு, வாழைப்பழம், விளக்கு என்று ஒரு இடைவேளை விட்டு, பாக்கியை எட்டரை வரை தூங்கி முடிக்கிறாள். இந்த வயதில் எந்தக் குழந்தையும் காலை முதல் தூக்கத்தை இரண்டு மணி நேரம் அடித்துப்போட்டதுபோலத் தூங்கினால், அதன் ராத்திரி முடியவில்லை என்றுதான் அர்த்தம். அந்தத் தூக்கம் தினமும் உறுதியாகக் கிடைக்கும்வரை, நாலரைக்கு எழுவதால் அவளுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. உடம்பு அந்த ஏற்பாட்டுக்குப் பழகிவிடும். நஷ்டமெல்லாம் உங்களுக்குத்தான்.

நாலரைக்கு ஏன் எழுகிறாள் என்பதைச் சொல்லிவிடுகிறேன், மீதி சுலபமாகப் புரியும். தூக்கத்தை நடத்துகிறவை இரண்டு. ஒன்று, விழித்திருக்க விழித்திருக்க உடம்பில் சேரும் தூக்கத் தேவை. பசி மாதிரிதான் இதுவும், சாப்பிட்டால் அடங்குவதுபோல் தூங்கத் தூங்க அடங்கிவிடும். இன்னொன்று, வெளிச்சத்தைப் பார்த்து நேரம் கண்டுபிடிக்கும் உடம்புக் கடிகாரம். ராத்திரியின் முதல் பாதியில் தூக்கத் தேவை மலையாக இருப்பதால் ஆழ்ந்து தூங்குகிறாள். கைக்குழந்தைகளின் தூக்கச் சுற்று ஒன்று சுமார் 50, 60 நிமிடம். ஒவ்வொரு சுற்று முடியும்போதும் எல்லாக் குழந்தைகளும் லேசாக விழிப்புத் தட்டி, புரண்டு, திரும்பத் தூங்கும். நாலு மணிக்கு மேல் தேவை பெரும்பாலும் தீர்ந்திருக்கும், தூக்கமும் மேலோட்டமாகிவிடும். அந்த நேரத்தில் ஒரு கீற்று வெளிச்சம், ஒரு பாத்திரச் சத்தம், வியர்வை, நனைந்த டயப்பர் எது இருந்தாலும் போதும், சுற்று முடிந்து புரள வேண்டியவள் எழுந்து நின்றுவிடுவாள். ஒன்பது, பத்து மாதம் வேறு. கம்பியைப் பிடித்து நிற்கக் கற்றுக்கொண்ட புதிதில் குழந்தைகளுக்கு நள்ளிரவிலும் அதே நினைப்புதான். அது தானாக அடங்கும்.

ஆக, விழிப்பு வருவது இயல்பு. அதைத் தடுக்க ரொம்ப மெனக்கெட வேண்டாம். விழித்த பிறகு நாலரையிலிருந்து எட்டரை வரை உங்கள் வீட்டில் என்ன நடக்கிறதோ அதைத்தான் மாற்ற வேண்டும்.

மாமியார் சொன்ன பிரம்ம முகூர்த்தத்துக்கு ஒரு சின்னப் பதில் வைத்திருக்கிறேன், அவரிடம் சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். சூரிய உதயத்துக்கு 96 நிமிடம் முன்னால் தொடங்கி 48 நிமிடம் நீடிப்பதுதான் பிரம்ம முகூர்த்தம் என்பது கணக்கு. ஜூன் நடுவில் டெல்லியில் சூரியன் சுமார் 5:23-க்கு உதிக்கிறது. அப்படியானால் முகூர்த்தம் 3:47-க்குத் தொடங்கி 4:35-க்கு முடிந்துவிடுகிறது. பேத்தி கண்ணைக் கசக்கி எழுந்து நிற்பதற்குள் அது தாண்டியே போய்விடும்.

இந்த 5:23-ஐ விளையாட்டாக மட்டும் சொல்லவில்லை. ஏப்ரல் கடைசியிலிருந்து என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். டெல்லியில் ஜனவரியில் சூரியன் ஏழேகாலுக்கு மெதுவாக வரும். ஜூனில் ஐந்து மணிக்கு முன்பே வானம் வெளுத்துவிடும். ஜூன் 21-ல் இங்கே பகல் கிட்டத்தட்ட 14 மணி நேரம். கும்பகோணத்தில் அன்றைக்குச் சுமார் 12 மணி 45 நிமிடம்தான் இருக்கும், சூரியனும் ஆறு மணியை ஒட்டித்தான் வரும். ஊரில் ஐந்து குழந்தை வளர்த்த பெரியவர்களுக்கு இந்தத் தொந்தரவு தெரியாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இங்கே வெயில் காலத்தில் குழந்தையின் அறைக்கு ராத்திரியை நாம்தான் செய்துகொடுக்க வேண்டியிருக்கிறது.

அதற்குக் காசு செலவழிக்க வேண்டாம். கறுப்பு சார்ட் பேப்பரை ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கமாக ஒட்டி, மேலே கெட்டித் திரைச்சீலை போட்டால் போதும். வெண்டிலேட்டரை மறந்துவிடாதீர்கள், டிடிஏ (டெல்லி வளர்ச்சி ஆணையம்) கட்டிய வீடுகளில் வெளிச்சம் பாதி அங்கிருந்துதான் வரும். ஒட்டி முடித்ததும் நடுப்பகலில் கதவைச் சாத்திக்கொண்டு கையை நீட்டிப் பாருங்கள். உள்ளங்கை ரேகை தெரிந்தால் இன்னும் இருட்டு போதவில்லை. நைட் லாம்ப் வேண்டுமென்றால் மங்கலான ஆரஞ்சு நிறத்தில், அவள் கண்ணில் நேரே படாத மூலையில் இருக்கட்டும். நாலரைக்கு அவள் அசைந்ததும் மணி பார்க்க நீங்கள் போனை எடுப்பீர்களே, அந்த வெளிச்சமும் கணக்கில் சேர்த்திதான்.

இன்னொன்று, ஏசியின் டைமரைப் பாருங்கள். மின் கட்டணத்துக்குப் பயந்து நாலு மணிக்கு அணையும்படி வைத்திருக்கிற வீடுகளை நிறையப் பார்க்கிறேன். ஜூனில் இங்கே விடியற்காலையில்கூட 28, 30 டிகிரி இருக்கும். ஏசி அணைந்த அரை மணி நேரத்தில் அறை புழுங்கி, குழந்தையின் பின்கழுத்து ஈரமாகிவிடும். அப்போது மணி சரியாக நாலரை. டைமரை ஆறு மணிக்குத் தள்ளுங்கள், 26 டிகிரியில் மின்விசிறியோடு ஓடட்டும். கூலர் வைத்திருந்தால் அதை நிறுத்தாமல் ஓடவிடுங்கள். அதன் ஒரே சீரான இரைச்சல் கீழ்வீட்டு மோட்டார் சத்தத்தையும் பால் வண்டியையும் விழுங்கிவிடும்.

இப்போது நாலரை மணிக்கு வருவோம். அவள் முனகினாலோ எழுந்து நின்றாலோ உடனே எழுந்து போகாதீர்கள். அழாமல் சிரித்துக்கொண்டு நிற்கிறாள் என்றீர்களே, அது நல்ல செய்தி. ஐந்து நிமிடம், பத்து நிமிடம் அவள் போக்கில் விடுங்கள். நீங்கள் அசையாமல் படுத்திருங்கள். சில நாள் அப்படியே உட்கார்ந்து, சரிந்து, தூங்கிவிடுவாள். அழுதால் போங்கள். இருட்டிலேயே, பேசாமல், விளையாட்டுக் காட்டாமல் படுக்க வைத்துத் தட்டிக்கொடுங்கள். டயப்பர் கனத்திருந்தால் மாற்றிவிடலாம். ராத்திரிக்கு மட்டும் ஒரு சைஸ் பெரிதாகப் போட்டுப் பாருங்கள், அந்த வேலையே இல்லாமல் போகலாம். முக்கியமான விதி ஒன்றே ஒன்று: ஐந்தரைக்கு முன்னால் குழந்தை அந்த அறையை விட்டு வெளியே வரக்கூடாது. அவள் தூங்கினாலும் சரி, தூங்காமல் புரண்டாலும் சரி. ஒரு வாரம் கழித்து அதை ஐந்தேமுக்கால் ஆக்குங்கள், அப்புறம் ஆறு. வெளியே கொண்டுவரும்போது மட்டும் விடியலை அமர்க்களமாகக் காட்டுங்கள். திரையை விலக்கி, விளக்கைப் போட்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பால்கனியில் கொண்டுபோய் நிறுத்துங்கள். இருட்டென்றால் ராத்திரி, இந்த ஆரவாரம் என்றால் காலை என்று அவளுக்குச் சந்தேகமில்லாமல் புரிய வேண்டும்.

பசியாக இருக்குமோ என்று உங்களுக்குத் தோன்றும். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. இரண்டு பக்கமும் ஆர்வமாகக் குடித்து, விழுங்கும் சத்தம் கேட்டு, குடித்து முடித்ததும் கண் சொருகினால் பசிதான். இரண்டு நிமிடம் சப்பிவிட்டு, தலையைத் திருப்பி மின்விசிறியைப் பார்த்துச் சிரித்தால் அது பழக்கம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இரண்டாவது என்றுதான் நினைக்கிறேன். எட்டு கிலோ தாண்டிய, நன்றாகச் சாப்பிடுகிற குழந்தைக்கு ஒன்றரை மணிப் பாலே கட்டாயமில்லை. ஆனால் தாய்ப்பால் கொடுக்கிறவர்கள் அதைத் தொடர்வதில் தப்பும் இல்லை, அதை இப்போது தொட வேண்டாம். ஒரே சமயத்தில் எல்லாவற்றையும் மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது. ஐந்து மணி வாழைப்பழத்தை மட்டும் ஏழு மணிக்கு மாற்றுங்கள். தினம் ஐந்து மணிக்குச் சாப்பாடு வந்தால் வயிறும் ஐந்து மணிக்குக் கடிகாரம் வைத்துக்கொள்ளும். ராத்திரி பாட்டிலில் அரிசி மாவு கரைத்துக் கொடுத்தால் விடிய விடியத் தூங்குவாள் என்று யாராவது சொல்வார்கள். தூக்கம் அதிகமாகாது, புரையேறும் ஆபத்துதான் அதிகமாகும்.

அடுத்தது ஆறரை மணித் தூக்கம். உங்களுக்குக் கஷ்டமான இடம் இதுதான் என்று எனக்குத் தெரியும். சமையலும் டப்பாவும் குளியலும் அந்த இரண்டு மணி நேரத்தில்தான் நடக்கிறது, நான் அதையே எடுக்கச் சொல்கிறேன். ஒரேயடியாக எடுக்க வேண்டாம். நாலரைக்கு எழுந்தவளை எட்டரை வரை விழிக்க வைத்தால் சிணுங்கித் தீர்த்துவிடுவாள். இந்த வயதில் இரண்டரை, மூன்று மணி நேர விழிப்பைச் சாதாரணமாகத் தாங்குவார்கள், மூன்றரை வரைகூட இழுக்கலாம். அதனால் மூன்று நாளைக்கு ஒருமுறை இருபது நிமிடம் தள்ளுங்கள். ஆறரை, ஆறு ஐம்பது, ஏழு பத்து என்று போகட்டும். விழிக்கும் நேரமும் கூடவே நகர்ந்துகொண்டு வரும். கடைசியில் எட்டரை, ஒன்பதில் நிற்க வேண்டும். நீளமும் ஒன்றேகால் மணிக்கு மேல் போக வேண்டாம், எழுப்பிவிடுங்கள். தூங்குகிற குழந்தையை எழுப்பக்கூடாது என்று வீட்டில் சொல்வார்கள். ராத்திரியில் அது சரி. காலையில் அந்தத் தூக்கம் யாருடைய ராத்திரியிலிருந்து போகிறது என்று பார்க்க வேண்டும்.

அப்போது சமையலை யார் பார்ப்பது? இங்கேதான் உங்கள் கணவர் வருகிறார். அவர் ஒன்பதேகாலுக்கு வந்து குழந்தையோடு விளையாட ஆசைப்படுவது நியாயம்தான். ஆனால் அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் அவள் ஒன்பதேமுக்கால் வரை விழித்திருக்கிறாள், அதற்காகத்தான் சாயங்காலம் ஆறேகால் வரை தூங்க வேண்டியிருக்கிறது. அவருடைய நேரத்தைக் காலைக்கு மாற்றிவிடுங்கள். ஐந்தரையிலிருந்து ஏழரை வரை குழந்தை அவர் பொறுப்பு. பால்கனி, பார்க், தரையில் உட்கார்ந்து டப்பா அடுக்குவது, என்ன வேண்டுமானாலும் செய்யட்டும். ராத்திரி களைத்துப்போன குழந்தையோடு அரை மணி கிடைப்பதற்குப் பதில், காலையில் நல்ல குஷியில் இருக்கும் குழந்தையோடு இரண்டு மணி நேரம் கிடைக்கிறது. அவர் மறுத்தால் இந்தப் பத்தியைக் காட்டுங்கள். ஒன்பது மாதம் நீங்கள் மட்டுமே கண் விழித்த வீட்டில் இது அதிகப்படியான கோரிக்கை இல்லை.

மாமியாரைப் பற்றி எழுதும்போது உங்கள் எழுத்தில் ஒரு கோபம் தெரிகிறது. எனக்கு அவர்மேல் குறை சொல்லத் தோன்றவில்லை. பகல் முழுக்கக் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறவர் அவர்தான், இந்த நேரப் பட்டியலில் பாதியை நடத்தப்போகிறவரும் அவர்தான். அவர் ஒத்துழைக்காவிட்டால் நான் சொல்வது எதுவும் நடக்காது. நாலரைக்கு எழுந்து அவருடைய பூஜையை அவர் செய்யட்டும், படுக்கை அறைக் கதவு மட்டும் சாத்தியிருக்கட்டும். 'குழந்தைக்கு ராத்திரித் தூக்கம் போதவில்லை, ஆறு மணி வரை படுக்கட்டும் என்று டாக்டர் சொல்கிறார்' என்று என்மேல் பழியைப் போட்டுச் சொல்லுங்கள். குழந்தை மருத்துவர்கள் அதற்கும்தான் இருக்கிறோம். ஆறு மணிக்குப் பேத்தி வெளியே வந்ததும் விளக்கு முன்னால் உட்காரவைக்கட்டும். சாமி ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.

சாயங்காலத் தூக்கத்தை அவரிடம் சொல்லித்தான் குறைக்க வேண்டும். ஐந்து மணிக்கு மேல் தூங்கவிட வேண்டாம். மதியத் தூக்கம் ஒன்றரை, இரண்டு மணி வாக்கில் தொடங்கி ஒன்றேகால் மணி நேரம் போனால், சாயங்காலத் தூக்கம் முதலில் அரை மணியாகிப் பிறகு தானாகவே போய்விடும். ஒன்பது மாதத்தில் மூன்று தூக்கம் இரண்டாகக் குறைவது சகஜம்தான். அந்த இரண்டு, மூன்று வாரம் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எரிச்சலாக இருப்பாள். வெயில் தாழ்ந்ததும் மலை மந்திர் முருகன் கோயில் பக்கம் ஒரு நடை தூக்கிக்கொண்டு போய்வந்தால் பேத்திக்கும் பொழுது போகும், பாட்டிக்கும் தமிழ் பேச ஆள் கிடைக்கும்.

படுக்கும் நேரத்தை மூன்று நாளைக்குக் கால் மணி என்று முன்னால் இழுத்து எட்டேகால், எட்டரையில் நிறுத்துங்கள். சீக்கிரம் படுக்க வைத்தால் இன்னும் சீக்கிரம் எழுந்துவிடுவாளே என்று பயப்படுவீர்கள். பகல் தூக்கத்தைத் தொடாமல் படுக்கும் நேரத்தை மட்டும் மாற்றினால் அந்தப் பயம் நியாயம், அதனால்தான் இரண்டையும் சேர்த்துச் செய்யச் சொல்கிறேன். ஜூனில் ஏழரைக்கும் வெளியே வெளிச்சம் இருக்கும், அதனால் காலைக்கு ஒட்டிய சார்ட் பேப்பர் ராத்திரிக்கும் வேலை செய்யும். ஏழு மணிக்குக் குழைந்த சாதமோ கிச்சடியோ, ஏழேமுக்காலுக்கு உடம்பு துடைத்து உடை மாற்றல், அப்புறம் பால், அதன் பிறகு ஒரே ஒரு பாட்டு. பால் குடித்துக்கொண்டே தூங்குவதை மட்டும் கொஞ்சம் மாற்றுங்கள். கண் சொருகும்போதே எடுத்துவிட்டு, அரைத் தூக்கத்தில் கட்டிலில் விடுங்கள். எப்படித் தூங்கினாளோ அதையேதான் நாலரை மணி விழிப்பிலும் தேடுவாள். முதல் சில நாள் ரகளை நடக்கும்.

அழவிடுவதைப் பற்றித் தோழி சொன்னதை நான் அடியோடு தள்ளவில்லை. ஏழு மாதத்தில் தூக்கப் பிரச்சினை இருந்த குழந்தைகளின் பெற்றோருக்கு, கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளி விட்டுப் போய்ப் பார்ப்பது போன்ற முறைகளைக் கற்றுக்கொடுத்து, அந்தக் குழந்தைகளை ஆறு வயதில் திரும்பப் பரிசோதித்த ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று 2012-ல் வந்தது. மனநிலையிலோ பெற்றோரோடான ஒட்டுதலிலோ அந்தப் பிள்ளைகளுக்கு எந்தக் கெடுதலும் தெரியவில்லை. ஆனால் அந்த முறைகள் ராத்திரி படுக்கும்போதுதான் பலிக்கும், அப்போது தூக்கத் தேவை நிறைய இருக்கும். விடியற்காலை நாலரைக்கு அந்தத் தேவை தீர்ந்துபோயிருக்கும், நீங்கள் அழவிட்டால் அவள் ஆறு மணி வரை அழுவாள், கீழ்வீட்டார் ஏழு மணிக்கு வந்து கதவைத் தட்டுவார்கள். காலையில் அது வேண்டாம்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்? ஏழு மணி வரை தூங்குவாள் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். எட்டேகாலுக்குத் தூங்கி ஆறுக்கு எழுந்தால் ராத்திரிக்கு ஒன்பதேமுக்கால் மணி, பகலில் இரண்டு தூக்கத்துக்கும் சேர்த்து இரண்டரை மணி, ஆக மொத்தம் பன்னிரண்டேகால் மணி. இதுதான் இலக்கு. டெல்லி ஜூனில் ஐந்தேமுக்கால் வந்தாலே எனக்குத் திருப்தி. முதல் நாலைந்து நாள் ஒரு மாற்றமும் தெரியாது, இன்னும் மோசமாகக்கூட இருக்கும். உடம்புக் கடிகாரம் மெதுவாகத்தான் நகரும், இரண்டு மூன்று வாரம் விடாமல் செய்யுங்கள். பல் முளைப்பதோ காய்ச்சலோ நடுவில் வந்தால் விட்டுவிட்டு, சரியானதும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

சில விஷயங்களுக்கு மட்டும் நேரப் பட்டியல் போதாது, டாக்டரிடம் காட்ட வேண்டும். தினமும் குறட்டை விடுகிறாள், வாயால் மூச்சு விடுகிறாள், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது, காதைப் பிடித்துக்கொண்டு காய்ச்சலோடு அழுகிறாள், எடை ஏறவில்லை, தோல் அரித்து ராத்திரி முழுக்கச் சொறிகிறாள் என்றால் போங்கள். இரும்புச் சத்தையும் கேளுங்கள். அது குறைந்த குழந்தைகள் ராத்திரியில் கைகால் உதைத்துப் புரண்டுகொண்டே இருப்பார்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. ஆறு மாதத்துக்கு மேல் வாரம் இருமுறை ஒரு மில்லி இரும்புச் சத்து சிரப் கொடுப்பது அரசுத் திட்டத்திலேயே இருக்கிறது. உங்கள் பெண்ணுக்கு அது போகிறதா என்று தடுப்பூசி அட்டையைக் கொண்டுபோகும்போது விசாரியுங்கள்.

கடைசியாக நீங்கள். பதினொன்றரைக்குப் படுத்து, ஒன்றரைக்கு எழுந்து, நாலரைக்கு எழுந்தால் உங்களுக்குக் கிடைப்பது நாலு, நாலரை மணித் தூக்கம். இந்த மூன்று வாரமாவது அவள் தூங்கின அரை மணி நேரத்தில் நீங்களும் படுத்துவிடுங்கள், பாத்திரம் கிடக்கட்டும். குழந்தை தூங்கும்போதுகூட உங்களுக்குத் தூக்கம் வரவில்லை, எதிலும் பிடிப்பில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்றால் அது வெறும் களைப்பு இல்லை. பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு ஒரு வருடம் வரைகூட எட்டிப் பார்க்கும், வைத்தியம் உண்டு. அரசின் டெலி-மானஸ் எண் 14416, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் பேசுவார்கள்.

வரும் வெள்ளிக்கிழமை ராத்திரி தொடங்குங்கள், சனி ஞாயிறு இரண்டு நாளும் கணவர் வீட்டில் இருப்பார். அதற்கு முன்னால் வியாழக்கிழமைக்குள் சார்ட் பேப்பரை ஒட்டி, ஏசி டைமரை மாற்றிவிடுங்கள். விழித்த நேரம், தூங்கிய நேரம் இரண்டையும் பிரிட்ஜ் கதவில் ஒரு தாளில் யாராவது ஒருவர் குறித்துக்கொண்டே வாருங்கள். மூன்று வாரத்தில் ஆறரை மணித் தூக்கம் எட்டு மணிக்காவது நகரவில்லை என்றால், அந்தத் தாளை எடுத்துக்கொண்டு உங்கள் குழந்தை மருத்துவரைப் பாருங்கள்.